முகத்துவாரத்துத் தண்ணீர்

எம்.எஸ்ஸி. ஆராய்ச்சிக்காக வத்ஸலா மூன்று மாதம் முழங்கால்வரை சேற்றில் நின்று, கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் இருபத்துநான்கு பாட்டில் தண்ணீர் பிடித்துவந்தாள். அவற்றை ஸ்ரீரங்கத்து வீட்டில் வைத்துவிட்டு, சோதனைக்கூடம் கேட்கத் திருச்சிக்குப் போனாள். திரும்பி வந்தால், எல்லா பாட்டிலும் கழுத்துவரை நிறைந்திருந்தது.

“ஒண்ணொண்ணும் ஒவ்வொரு அளவா இருந்தது. நான்தான் சரிபண்ணினேன்” என்றார் அப்பா வீரராகவன், பெருமையாக.

“எந்த ஜலத்தை விட்டேள்?”

“கொள்ளிடத்து ஜலம்தான். வேற எதையாவது விடுவேனா?”

வத்ஸலா தலையில் அடித்துக்கொண்டாள். “எதுல எவ்வளவு உப்புன்னு பார்க்கத்தானேப்பா இத்தனை பாடும்!”

“அது எனக்குத் தெரியாதா? எல்லாத்துலயும் சமமா ஒரு சிட்டிகை போட்டிருக்கேன்.”