ஒருவர் பாதியில் விலகினார்

1

தலைப்பில் இருப்பது நான் எழுதிய வாக்கியம்தான். 2007இல், கும்மிடிப்பூண்டியில் ரயில் பெட்டிகளுக்கு ஏ.சி. இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் அறிக்கைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அந்த வாக்கியத்துக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். இந்தக் கதைக்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "குணசுந்தரிக்குச் சிறுவயதிலிருந்தே காற்று என்றால்"

பொய். அவள் திருவள்ளூரிலிருந்து ரயில் மாறி வேலைக்கு வந்த இஞ்சினியர். அவளை உறுத்தியது வீணாகும் மின்சாரம். பெட்டியில் நாலே பேர் இருந்தாலும் ஏ.சி. வெளிக்காற்றை அள்ளி அள்ளிக் குளிரவைக்கிறது. உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சை ஒரு சென்சார் அளந்தால் கூட்டம் தெரிந்துவிடும். அந்த அளவுக்கு மட்டும் வெளிக்காற்றை எடுத்தால் போதும் என்றாள். நல்ல யோசனை. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

2

சோதனைக்கு மூச்சு விட ஆட்கள் வேண்டும். ஷெட்டில் நின்ற பெட்டியில் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் அறுபத்து நான்கு பேரை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். நாற்பத்தொன்றாம் இருக்கையில் கெங்கம்மாள். அத்திப்பட்டுப் பக்கம் ஊர், கம்பெனியில் பெருக்கும் வேலை.

(அவளுக்கு ஆஸ்துமா என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அப்படியொன்றும் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.)

இரண்டு மணி நேரம் கழித்து அவள் எழுந்து வந்து கதவைத் தட்டினாள்.

"மேடம், காத்தே வர்ல. தலய சுத்தினுகீது."

வெளியே கம்ப்யூட்டரின் முன்னால் குணசுந்தரி. திரையில் எல்லாம் பச்சை.

"எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு. இன்னும் பத்து நிமிஷம், உக்காருங்க."

"உக்காந்துகினா மட்டும் காத்து வந்துருமா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். கெங்கம்மாளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள். ஆறாவது நிமிடம் இருக்கையிலிருந்து சரிந்தாள். எதிர் இருக்கையின் விளிம்பு நெற்றியைக் கிழித்தது. நான்கு தையல்.

சென்சாரை வெளிக்காற்று நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே பொருத்தியிருந்தார்கள். அது நல்ல காற்றை மட்டுமே அளந்து, பெட்டி காலி என்று முடிவுசெய்து, காற்றுவழியை ஏறக்குறைய மூடிவிட்டிருந்தது. மறுநாள் இடத்தை மாற்றினார்கள். அதன்பின் ஒரு பிசகும் இல்லை.

3

குணசுந்தரி அறிக்கையில் எழுதியது (ஆங்கிலத்தில்தான்): "காற்று வரவில்லை என்று நபர் 41 சொன்னார். நான் நம்பவில்லை. அவர் மயங்கி விழுந்தார்."

இதை அப்படியே அனுப்ப முடியாது என்று நான் திருத்தினேன். ஒருவர் பாதியில் விலகினார்.

"இது போதுமா சார்?"

"போதும்மா."

கையெழுத்துப் போட்டாள். அறிக்கையைப் பார்த்துப் பாதியில் விலகியது யார் என்று விசாரித்த காண்ட்ராக்டர், அடுத்த வாரமே கெங்கம்மாளை நிறுத்திவிட்டார்.

4

2009. மீஞ்சூர் பிளாட்பாரத்தில் நானும் குணசுந்தரியும் வண்டிக்கு நின்றோம். கெங்கம்மாள்தான் முதலில் அடையாளம் கண்டு வந்தாள். கூடவே மகள் ஈஸ்வரி.

"இன்னா மேடம், அந்தப் பொட்டி ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"அதுல என் மூச்சும் கீதுடின்னா இவ நம்ப மாட்டேன்றா. அந்த புக்குல எம் பேரு போட்டுகிறீங்க இல்ல?"

குணசுந்தரி என்னைப் பார்த்தாள். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"போட்டிருக்குக்கா."

"கேட்டியாடி?" என்றாள் கெங்கம்மாள் மகளிடம்.

5

இந்தக் கதைக்கு நான் எழுதிய ஒரு முடிவில் குணசுந்தரி உண்மையைச் சொன்னாள். இன்னொன்றில் நானே சொன்னேன், கெங்கம்மாள் மன்னித்தாள். படித்துப் பார்த்த குணசுந்தரி, "அவங்க ஏன் சார் மன்னிக்கணும்?" என்று கேட்டு இரண்டையும் அடித்தாள்.

மூன்றாவது முடிவில் நாங்கள் மூவரும்

இல்லை. வண்டி வர ஏழு நிமிடம் இருந்தது. அந்த ஏழு நிமிடமும் கெங்கம்மாள் எங்கள் பக்கத்தில்தான் நின்றாள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கீழே எழுதுங்கள். நான் திருத்த மாட்டேன்.