கடைசிப் பெட்டிக்கான விதி

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேலையாக வந்தது. பயணிகள் ரயில் பெட்டிகளின் பிரேக் பராமரிப்பு விதிகளை, ஒரு தடவை படித்தாலே புரிகிற தமிழில் திருப்பி எழுதித் தரச் சொன்னார்கள். பழைய விதிப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்தால், பக்கத்தைத் திருப்பித்தான் முற்றுப்புள்ளியைப் பார்க்க முடியும். நான் கதை எழுதுகிறவன். கதை கேட்டு என்னை யாரும் தேடி வந்ததில்லை. விதி கேட்டு வந்தார்கள். ஒப்புக்கொண்டேன்.

என் வரைவைச் சரிபார்க்க ஒரு பிரேக் பரிசோதகரை அனுப்பினார்கள். நாற்பதை ஒட்டிய பெண். வண்டி புறப்படுமுன் வாக்கி டாக்கியில் ஓட்டுநரிடம் "மறுபடி பிடிங்க, மறுபடி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதனால் பணிமனையில் அவர் பெயரே 'மறுபடி'. என் பக்கங்களை வேகமாகப் படித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். 'ஒரு பெட்டியின் பிரேக் பிடிப்பதில் ஐயம் இருந்தால் அந்தப் பெட்டியைக் கழற்றலாம்.' பழைய புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

"சார், இந்த 'லாம்' வேணாம். 'கழற்ற வேண்டும்'னு போடுங்க."

"ஏன்?"

"இந்த 'லாம்'னாலதான் எங்க அக்கா எங்கிட்ட பேசறதில்ல."

இதைக் கேட்டபிறகு எந்த எழுத்தாளனுக்கு விதி எழுத வரும்?

2

முதல் தொடக்கம்: பனி மூடிய அந்தக் காலையில், பிரிந்துபோன இரண்டு சகோதரிகளைப் போலத் தண்டவாளங்கள்—

(நிறுத்திவிட்டேன். அன்று பனியே இல்லை, சுள்ளென்று வெயில் என்கிறார் 'மறுபடி'. தவிர, பேசிக்கொள்ளாத இரண்டு பேர் என்றதும் தண்டவாளத்தை இழுத்துக்கொண்டு வருவது எனக்கே சலித்துவிட்டது.)

இரண்டாவது தொடக்கம்: அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த—

(இதுவும் வேண்டாம். சாகப்போகிற மனிதரை முதல் வரியிலேயே படுக்கவைப்பது, வாசகரிடம் அழுகையை முன்பணமாகக் கேட்பது.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வேறு ஊரில், மருத்துவமனையில் இருந்தார். உடனே வாருங்கள் என்று தகவல் வந்தது. அக்கா காலை ரயிலில் கிளம்புவது, தங்கை வேலை முடிந்ததும் அடுத்த ரயிலைப் பிடிப்பது என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் காலை ரயிலின் பிரேக்கைச் சோதிக்க வேண்டியவர் தங்கைதான்.

3

சோதனை எளிமையானது. வண்டி நெடுக ஓடும் பிரேக் குழாயில் ஓட்டுநர் காற்றழுத்தத்தைக் குறைப்பார். எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வும். பரிசோதகர் வண்டியின் நீளம் முழுக்க நடந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்ப்பார். கவ்வினால் மட்டும் போதாது. விடச் சொல்லும்வரை கவ்விக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசிப் பெட்டிக்கு 'மறுபடி' வந்தபோது கட்டைகள் விலகி இருந்தன. இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னார். பிடித்தது. அடுத்த தடவையும் பிடித்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் விடச் சொல்லாமல் மெல்ல விலகியது. அதற்கடுத்த தடவை கெட்டியாகப் பிடித்தது.*

ஓட்டுநர் இறங்கி வந்தார். "பிடிக்குதுல்ல? அப்புறம் என்ன?"

"தானா விடுதுங்க."

"அப்ப இந்தப் பெட்டி பிரேக்குக்குப் போற காத்த மட்டும் அடைச்சுட்டுக் கெளம்பிருவோம்."

"வழியில கெட்டா அடைக்கலாம். புறப்படுற எடத்துலயே முடியாது. அதுவும் கடைசிப் பெட்டி."

"பழுதுன்னு சொல்றீங்களா?"

"பழுதுன்னு சொல்லல. சந்தேகம்னு சொல்றேன்."

விதியில் 'கழற்றலாம்' என்றுதான் இருந்தது, முடிவு 'மறுபடி'யுடையது; கழற்றச் சொல்லிவிட்டார். அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு முன்பெட்டிகளுக்கு மாறினார்கள். இழுத்துப்போக வேறொரு எஞ்சின் வர வேண்டியிருந்தது. கழற்றினார்கள். மாற்றுப் பெட்டியைக் கோத்தார்கள். முதலிலிருந்து சோதனை. வண்டி கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

அக்கா மருத்துவமனைப் படியேறிக்கொண்டிருக்கும்போது அப்பா போய்விட்டார். "இப்பத்தாம்மா" என்றாராம் செவிலி. "உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாரு."

கழற்றிய பெட்டியைப் பணிமனையில் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். ஒவ்வொரு தடவையும் பிரேக் பிடித்தது, விடவே இல்லை. ஒரு பழுதும் கிடைக்கவில்லை.

* ஏறும் வழியில் இணைப்பு விட்டுப்போனால் கடைசிப் பெட்டி தனியாகப் பின்னோக்கி உருளும். அப்போது அதைத் தடுக்க அதனுடைய பிரேக்கைத் தவிர வேறு நாதி கிடையாது. அந்த ரயிலுக்கு நிலையத்தைத் தாண்டியதுமே நீண்ட ஏற்றம்.

4

பழுது கிடைக்கவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கதையின் முதுகெலும்பே போய்விடுகிறதே! ஆகவே நானே ஒரு பழுதை இட்டுக்கட்டினேன். வால்வுக்குள் தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம், அதைக் கையில் வைத்துக்கொண்டு பணிமனை மேலாளர் "எத்தனை உயிர்..." என்று நாத்தழுதழுக்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

'மறுபடி' படித்துப் பார்த்தார். "நல்லாருக்கு சார். இது நடந்திருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். நடந்த விபத்துக்குச் சாட்சிகள் உண்டு, விசாரணை உண்டு. நடக்காமல் போன விபத்துக்கு யார் சாட்சி? அது நடந்திருக்குமா என்பதே தெரியாது. பிரேக் பார்க்கிறவர்களின் வாழ்நாள் வேலை முழுவதும் இந்தத் தெரியாததுக்குள்தான் இருக்கிறது. சரியாகச் செய்த நாளில் காட்டுவதற்குக் கையில் தாமதம் மட்டுமே மிஞ்சும்.

5

அக்காவைப் போய்ப் பார்த்தேன். (ஒரு பாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தால் நேரில் பார்த்துவிடுவது நல்லது.) அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பேருந்து நிலையத்தில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். 'லாம்', 'வேண்டும்' பற்றி நான் பெரிய விளக்கமாகக் கொடுத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியா சொல்லிட்டுத் திரியறா? நானும் வண்டி ஓட்டறவதானே சார். பிரேக்ல சந்தேகம்னா நானும் எடுக்க மாட்டேன். புத்தகத்துல என்ன போட்டிருந்தா என்ன?"

"அப்புறம் எதுக்குக் கோபம்?"

பாட்டிலை மூடினார். "வண்டி ஏன் நிக்குதுன்னு யாரும் சொல்லல. இதோ கெளம்பிரும், இதோ கெளம்பிரும்னு உக்காந்திருக்கேன். அவ கீழதான் நடந்துட்டிருந்திருக்கா. ஜன்னலத் தட்டி, 'அக்கா, இது இப்ப நகராது, நீ காரப் பிடிச்சுப் போ'ன்னு ஒரு வார்த்தை. அப்பா முகத்தப் பாத்திருப்பேன்ல?"

என் கதை அங்கே தடம்புரண்டது. (இந்தச் சொல்லுக்காக மன்னியுங்கள்.) இத்தனை நாளும் நான் தவறான வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

'மறுபடி'யிடம் சொன்னேன். பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"பாத்தேன் சார். ஜன்னல்ல தலைய சாச்சுட்டு உக்காந்திருந்தா. அவ மூஞ்சியப் பாத்தா பெட்டிய விட்டுருவேன்னு பயம். அதான் அந்தப் பக்கமா சுத்திப் போனேன்."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவ கேக்கல."

"கேட்டாத்தான் சொல்லணுமா?"

பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாளே பேருந்து நிலையத்துக்குப் போயிருக்கிறார். ஓட்டுநர் கதவருகில் நின்று, அண்ணாந்து பார்த்து, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அக்கா முழுவதும் கேட்டார். பிறகு "டைம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

6

விதியில் 'கழற்ற வேண்டும்' என்றே எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். கூடவே, 'புறப்பாடு தாமதமானால் காரணத்தைப் பயணிகளிடம் உடனே சொல்ல வேண்டும்' என்று சொந்தமாக ஒரு விதியையும் நுழைத்துப் பார்த்தேன். பிரேக்குக்குச் சம்பந்தமில்லை என்று அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். சம்பந்தம் இருக்கிறது என்று வாதாட—

(விடுங்கள்.)

7

போன வாரம் 'மறுபடி' தொலைபேசியில் அழைத்தார்.

"நேத்து வேலை முடிஞ்சு வரேன். அக்கா வண்டி ஸ்டாப்ப விட்டுக் கெளம்பிடுச்சு. சரி, போகட்டும்னு நான் ஓடல. கண்ணாடில என்னப் பாத்திருக்கா போல. கொஞ்ச தூரம் போய் ஓரங்கட்டிட்டா சார். உள்ள இருக்கறவங்கல்லாம் சத்தம் போடறாங்க. அவ பாட்டுக்குக் கதவத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கா."

"ஏறுனீங்களா?"

"அது எங்களுக்குள்ள இருக்கட்டும்."

நான் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். (ஏறினாள், அக்கா திரும்பிப் பார்க்காமலே, "சாப்டியா?" என்று—) (நடந்தே போனாள், பேருந்து அவள் நடைக்குப் பக்கத்திலேயே மெதுவாக ஊர்ந்து—) இரண்டிலும் என் கைதான் தெரிகிறது. கிழித்துவிட்டேன்.

ஆகவே நீங்களே அந்தப் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் வீட்டுக்குப் போக நேரமாகிறது. நடுவழியில் வண்டி நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது, ஓட்டுநர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் ஒரு பெண் அவசரமில்லாமல் நடந்து வருகிறார். பக்கத்து இருக்கைக்காரர் எரிச்சலோடு உங்கள் பக்கம் திரும்புகிறார்: "எதுக்குங்க நிறுத்தி வச்சிருக்காங்க?"

இந்த வண்டியில் அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லுங்கள்.