கடல்பாசித் தீவனம்

தொட்டியில் கொட்டிய கலவையைச் செவலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடல்பாசித் தூளின் கவிச்சி சாரதாமணிக்கே குமட்டியது, மாட்டைச் சொல்லி என்ன செய்ய? மாடு விடும் ஏப்பத்தால் பூமி சூடாகிறதாம், பாசி அதைக் குறைக்குமாம். ஜேடர்பாளையம் ரோட்டில் இருந்த அந்தத் தீவனக் கம்பெனிக் கொட்டகையில் எல்லா மாடுகளும் இதைத்தான் தின்றாக வேண்டும்.

போன தை வரை செவலை அவளுடைய மாடு. மேட்டுக்காடு காய்ந்து, தீனிக்கு வழியில்லாமல் கம்பெனிக்கு விற்றபோது, "மாட்டோட நானும் வாரனுங்க" என்று கேட்டு வாங்கிய வேலை இது. மாடு இருக்கும் வரைதான் வேலை. தின்னாத மாட்டைக் கழித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மேஸ்திரி ஈஸ்வர் முதலிலேயே சொல்லியிருந்தான். புருஷன் லாரியில் அடிபட்டுப் படுத்ததிலிருந்து இந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

அதனால்தான் அப்படிச் செய்தாள். வீட்டுக் கழுநீரில் புண்ணாக்கைக் கரைத்துக் குடத்தில் கொண்டுவந்து யாரும் வருமுன் வைத்தாள். கன்றிலிருந்து பழகிய ருசி, செவலை மடமடவென்று உறிஞ்சியது. தொட்டியில் கிடந்த கலவையை வாரிச் சாணிக்குழியில் போட்டு மூடினாள். காலித் தொட்டியைப் பார்த்து, மாடு பழகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

மாடுகளைக் கண்ணாடி அறையில் அடைத்து, அவை விடும் வாயுவை அளப்பவள் ஹெலன், சேலத்துப் பெண். ஒருநாள் காலையில் வந்து சாரதாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, மத்த மாட்டுக்கெல்லாம் வாயு குறைஞ்சிருச்சு. செவலைக்கு மட்டும் குறையவே இல்ல. கழிச்சிரச் சொல்றாங்க. வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?"

சாரதாமணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் மாடும் போகும், வேலையும் போகும். ஆமாம் என்றால் பழி அவள் மேல் வரும், வேலை மட்டும் போகும். மாடாவது பிழைக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

"கழுநீ வெச்சனுங்க மேடம். தீவனத்தைக் குழியில போட்டுட்டனுங்க. மாட்டு மேல தப்பில்லீங்க."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா. இப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாது." ஹெலனின் கண் கலங்கியது. அதைப் பார்க்கச் சாரதாமணிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மதியம் ஈஸ்வர் வந்தான். "மாடு இருக்கட்டும்ங்கறாங்கக்கா. பாசியக் கழுநீல கலந்து குடுத்துப் பாக்கப் போறாங்களாம். உங்களத்தான் நாளையிலிருந்து வர வேண்டாங்கறாங்க."

பையை எடுத்துக்கொண்டு அவள் கேட் வரை போயிருப்பாள். ஈஸ்வர் பின்னாலேயே ஓடிவந்தான். புது ஆள் எவ்வளவு இழுத்தும் செவலை கண்ணாடி அறைக்குள் போகாமல் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறதாம்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஒருக்கா கூப்புட்டு உள்ள உட்டுட்டுப் போங்க."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். உள்ளே போகாத மாட்டையும் கழித்துவிடுவார்களே. அறைக்குள் போய் நின்று, "வா சாமி" என்றாள். செவலை காதை ஆட்டிக்கொண்டு அவளிடம் வந்தது. பக்கக் கதவு வழியாக அவள் வெளியேறியதும் ஈஸ்வர் இரண்டு கதவுகளையும் இறுக்கித் திருகினான்.

செவலை கண்ணாடியில் மூக்கை வைத்து, அவளைப் பார்த்து வாயைத் திறந்து கத்தியது. சத்தம் வெளியே கேட்கவில்லை.