சி.ஆர்.பி. ஐந்துக்குக் கீழே

காலைப் படகை அக்கரைக்குக் கொண்டுபோய்த் திரும்பியதும், குன்வோர் சுக்கானைத் துணைக் கேப்டனிடம் ஒப்படைத்துவிட்டு நேரே துறைமுகத்து மருத்துவ மையத்துக்கு நடந்தாள். வயிற்றின் இடப்பக்கம் மூன்று நாளாக வலி. இன்று நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை.

விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவி சில நிமிடங்களில் அளந்து சொன்னது. டாக்டர் எஸ்கில், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், முகம் மலர்ந்தார்.

"ரத்தத்துல அழற்சியைக் காட்டுற சி.ஆர்.பி. ஐந்துக்குக் கீழதான் இருக்கு. உள்ள பெரிசா அழற்சி இருந்தா இது எகிறியிருக்கும். காய்ச்சலும் இல்ல. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

"எனக்கு அது எகிறாது, எஸ்கில்."

"ஏன்?"

"மூட்டுவாதத்துக்கு வாராவாரம் ஊசி போட்டுக்கறேன். சி.ஆர்.பி.யைச் சுரக்கச் சொல்லி கல்லீரலுக்குப் போற சேதியையே அந்த ஊசி மறிச்சிடும். உள்ள சீழ் கட்டியிருந்தாக்கூட உங்க கருவி இதையேதான் சொல்லும். காய்ச்சலும் வராது."

"வலி மருந்தெல்லாம் அதை அவ்வளவா குறைக்காதே..."

"இது இபுப்ரோஃபென் இல்லப்பா! என் மருந்துப் பட்டியலைப் பாருங்க."

எஸ்கில் திரையை உருட்டினார். ஊசியின் பெயரைக் கண்டதும் காது சிவந்தது. ஆனாலும் தயங்கினார்.

"ஸ்கேனுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஐந்துன்னு சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ராடார் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சும் அதை நம்பி நான் படகை விடுவேனா? போன் போடுங்க. அதுவரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தே இருந்தாள். எஸ்கில் தொலைபேசியை எடுத்தார். சி.ஆர்.பி. அளவைச் சொல்வதற்கு முன் ஊசியின் பெயரைச் சொன்னார். எதிர்முனையில் யாரும் சிரிக்கவில்லை.

பெருங்குடலில் ஓட்டை விழுந்து, சுற்றிலும் சீழ் கோத்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது. அன்று பிற்பகலே அறுவை சிகிச்சை நடந்தது.

நான்காம் நாள் எஸ்கில் அழைத்தார். "நான் உங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன், குன்வோர். மன்னிச்சிடுங்க."

"பார்த்தீங்க. ஆனா அனுப்பலையே."

குடலில் ஓட்டை விழ அந்த ஊசியும் காரணமாகலாம் என்று அதை நிறுத்திவிட்டார்கள். சில வாரங்களில் விரல் மூட்டுகள் வீங்கி, காபிக் கோப்பையைப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. வாத நோய் மருத்துவர் வேறு மருந்துகளை விளக்கத் தொடங்கியதும் குன்வோர் குறுக்கிட்டாள்.

"எது வேணும்னாலும் குடுங்க. ஆனா அது ரத்தப் பரிசோதனையில எந்த எண்களையெல்லாம் அமுக்கும்னு முதல்ல எழுதிக் குடுங்க. மே மாசம் நான் சுக்கானைப் பிடிச்சாகணும்."