செய்தி வாசிப்பவரின் ரஷ்ய மொழி

ரஷ்யாவிலிருந்து வரும் பெண் மேற்பார்வையாளர் தலையசைத்தால் எங்கள் ரஷ்ய மொழி மாலை வகுப்பு நீடிக்கும். இல்லையென்றால் அறையை யோகாவுக்குக் கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டவர் கற்க அந்தக் காலத்தில் ரஷ்யர்கள் அனுப்பிவைத்த இசைத்தட்டுகளில்தான் நான் ரஷ்ய மொழி கற்றேன். என் மாணவர்களும் அவற்றில்தான் கற்கிறார்கள். அந்த நாட்டில் நான் கால் வைத்ததே இல்லை. என்னிடம் இருப்பது மொழியா, வெறும் மனப்பாடமா என்ற சந்தேகம் பல வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் மாணவர்களை ஒவ்வொருவராகப் பேசச் சொன்னேன்.

முதலில் நர்ஸ் வேலை பார்க்கும் மாணவி எழுந்தாள். விறைப்பாக நின்று ரஷ்ய மொழியில் முழங்கினாள்.

“மதிப்பிற்குரிய விருந்தினரே! தங்களுக்குத் தேநீர் வழங்கப்படும்!”

அடுத்து, டாக்ஸி ஓட்டும் என் அக்கா கணவர். “இன்று வானம் தெளிவாகக் காணப்படுகிறது!”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ரஷ்ய மொழியிலேயே கேட்டார்.

“பழைய ரேடியோ செய்தி மாதிரியே பேசுறீங்களே! டீ குடுக்கிறீங்களா, போர் முடிஞ்சிடுச்சுன்னு சொல்றீங்களா?”

என் முகம் எரிந்தது. இசைத்தட்டில் பேசியவர் செய்தி வாசிப்பாளர். அவர் மூச்சு விடும் இடங்களைக்கூட நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“டீச்சர், நீங்க பேசுங்க. வீட்ல பேசுற மாதிரி, சும்மா.”

வீட்டில் யாரிடம் ரஷ்ய மொழி பேசினேன்? மனதைத் துழாவினால் பாடம் ஒன்று, பாடம் இரண்டுதான் கைக்கு வந்தது. அப்போதுதான் அத்தானைக் கவனித்தேன். விருந்தினருக்கு வைத்திருந்த கேக்கில் பாதியை விழுங்கிவிட்டு, மீதிக்கும் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

“அய்யோ, கைய எடுங்க! வெட்கமா இல்ல? வந்தவங்களுக்கு வெறும் தட்டையா நீட்டுறது?”

எல்லாம் ரஷ்ய மொழியில். ஒரு சொல்லைக்கூட நான் தேடவில்லை. இத்தனை வருடம் இவை எனக்குள் எங்கே உட்கார்ந்திருந்தன?

“ஒரே ஒரு துண்டுதானே, மச்சினி,” என்று அத்தானும் அதே மொழியில், வாய் நிறைய கேக்கோடு முனகினார். ரேடியோக்காரர் போன இடம் தெரியவில்லை.

விருந்தினர் மேசையைத் தட்டினார். “இதான்! எங்க வீட்லயும் இப்படித்தான். வகுப்பு நடக்கட்டும். ஆனா வாரம் ஒருநாள் எல்லாரும் சண்டை போடணும்.” சொல்லிவிட்டு மீதி கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது அத்தான் குரலைத் தாழ்த்தினார். “இந்தச் சண்டை வகுப்பு விஷயத்த உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாத, தாயே.”

அக்கா அடுத்த வாரமே சேர்ந்துவிட்டாள். முன்வரிசையில்.