சூரன் தலைக்குள் பிரதாபன்

பூசணிக்காய் மேசை தானாகக் கவிழ்ந்தது என்று பிரதாபன் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் சந்தை நிறையச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. சூரபன்மனின் தலையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, கண் தெரியாமல், இரண்டு கையையும் விரித்து ஆடிக்கொண்டு வந்த மனிதன் நேராகப் போய் அந்த மேசையில் மோதியதை எல்லாரும் கண்டார்கள். பிள்ளைகள் கண், மூக்கு, பல் என்று அரைகுறையாக வெட்டி வைத்திருந்த பூசணிக்காய்கள் நாலு பக்கமும் உருண்டன. ஒன்று மீன்கடை ஐஸுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு குழந்தை அலறியது. அதைப் பார்த்து அடுத்தது. பிறகு கண்ணாடிக் கூரைக்குக் கீழே, விக்டோரியா மகாராணி காலத்து இரும்புத் தூண்கள் எல்லாம் அதிரும்படி மொத்தமாக ஓர் ஒப்பாரி.

2009 ஒக்ரோபர் கடைசி நாள், சனிக்கிழமை. மிச்சம் என்கிற ஊரிலிருந்து ஒரு பஸ்ஸில் வந்து சேரக்கூடிய அந்தப் பழைய கூரைச் சந்தையில் குடும்பங்களுக்கான ஹலோவீன் கொண்டாட்டம். சந்தை மனேஜர் டெனிஸ் முந்திய கிழமையே கடை கடையாக வந்து, பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்கள், ஆனால் பயப்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சிரிக்கிற பேய் வரலாம். முறைக்கிற பேய் வரக்கூடாது. இரத்தம் ஆகாது. வௌவால் ஆகும், அதுவும் கடதாசி வௌவால். பேயிடம் இவ்வளவு ஒழுக்கம் எதிர்பார்க்கிற ஊரைப் பிரதாபன் வேறெங்கும் கண்டதில்லை. இத்தனைக்கும் அவன் சுவிஸில் வருடக்கணக்காக இருந்துவிட்டு வந்தவன்.

அவனுடைய கடையில் இருந்தவை சூட்கேசுகளும் கைத்தொலைபேசி உறைகளும். அவற்றை வைத்து யாரையும் மகிழ்விக்க முடியாது. ஆனால் பின்பக்கச் சாமான் அறையில் சூரன் தலை இருந்தது. கோயிலில் இடம் காணாது என்று வருடம் முழுவதும் அவனிடந்தான் இருக்கும். கந்தசஷ்டி முடிவில் சூரனைத் தோளில் தூக்கி, முருகனுக்கு முன்னால் விழுந்து எழும்பி ஆட்டுகிறவர்களில் முன்னுக்கு நிற்பவன் பிரதாபன். அவன் வாழ்க்கையில் யாரும் குறை சொல்லாத ஒரே வேலை அது.

இந்த வருடம் அதுவும் இல்லை. மே மாதத்துக்குப் பிறகு ஒருத்தருடைய தலை விழுவதையும் பார்க்கச் சனத்துக்கு மனமில்லை என்று கோயில் கமிட்டி தீர்மானித்து, அபிஷேகத்தோடு சஷ்டியை முடித்துவிட்டது. தீர்மானத்தை வாசித்தவர் செயலாளர் கிருஷ்ணராசா. பிரதாபனுடைய மனைவி சுசிலாவின் தமையன்.

சுசிலாவுக்கும் கிருஷ்ணராசாவுக்கும் இளையவன் நித்தியானந்தன் அந்த மே மாதத்தில் வன்னியில் ஷெல் பட்டுச் செத்துப்போனான். அன்றிலிருந்து சுசிலா சிரிக்கவில்லை. கிருஷ்ணராசா பிரதாபனோடு கதைக்கவில்லை. முதலாவது அவனுக்கு விளங்கியது. இரண்டாவது விளங்கவில்லை. அவனுடைய முப்பத்தோராம் நாள் காரியத்தன்று செலவு வீட்டில் எல்லாருக்கும் தன் கையால் சோறு போட்டுக்கொண்டு வந்த மச்சான், பிரதாபனுடைய சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் வந்ததும் அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஏன் என்று சுசிலாவைக் கேட்டால், "அண்ணையைக் கேளுங்கோ." அண்ணையைக் கேட்டால், "ஒண்டுமில்லை." தமையன் இவன் வீட்டு வாசலை மிதிக்காததால் சுசிலா அங்கே போய் வரத் தொடங்கினாள். பிறகு அங்கேயே தங்கத் தொடங்கினாள். அவளுடைய நல்ல செருப்பும் பனிக்காலக் கோட்டும் ஏற்கெனவே அங்கே குடிபோய்விட்டன.

இன்றைக்குக் கடைக்கு வந்திருந்தாள். எப்படியாவது ஒருமுறை சிரிக்க வைத்துவிடலாம் என்றுதான் பிரதாபன் சூரனை வெளியே எடுத்தான். அது மனிதர் மாட்டுகிற சாமான் அல்ல. மரக்கம்பத்தில் செருகுகிற ஃபைபர் தலை. உள்ளே போகும்போது அவனுடைய காதுகள் இரண்டும் நல்ல பிள்ளைகள்போல மடிந்துகொண்டு போயின. திரும்பி வரத்தான் மாட்டோம் என்றன.

"இது என்ன?" கவிழ்ந்த மேசையடிக்கு ஓடி வந்த டெனிஸின் குரல் ஐஸைவிடக் குளிராக இருந்தது.

"அசுரன்," என்றது சூரனின் வாய்.

"சிரிக்கிற அசுரனா?"

"பல்லெல்லாம் தெரிகிறதுதானே."

"இங்கே பன்னிரண்டு பிள்ளைகள் அழுகிறார்கள். திங்கட்கிழமை என் அலுவலகத்துக்கு வாருங்கள். தலையைக் கழற்றிவிட்டு."

ஒரு தாய், வெட்கமில்லாத மனிதன் என்றாள். இன்னொருத்தி, பூசணிக்காயை மிதித்து வழுக்கிய தன் சப்பாத்தைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே, அதாவது சூரனின் முகத்துக்கு நேரே, ஆட்டினாள். சுசிலா அவனுடைய கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள்.

"இஞ்சாருங்கோ, முதல் கழட்டுங்கோ உந்தத் தலையை."

"ஏலாது."

"என்ன ஏலாது?"

"காது விடுகுதில்லை."

"பகிடி விடாதேங்கோ."

"சத்தியமாச் சுசி."

"உங்கட சத்தியம் எது, பகிடி எது எண்டு பிரிச்சறியிற தென்பு எனக்கு இப்ப இல்லை." கைத்தொலைபேசியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணைக்கு எடுத்திட்டன்," என்றாள்.

"ஐயோ, அவருக்கேன்?"

"தலை கோயிலின்ர. வேற ஆருக்கு எடுக்கிறது? உங்களுக்குத் தலை இருந்தா நான் ஏன் எடுக்கிறன்?"

கிருஷ்ணராசா வந்ததைப் பிரதாபன் சூரனின் வாய் வழியாகப் பார்த்தான். பல்லிடுக்கில் தெரிந்தவை நிலமும் இரண்டு மண்ணிறச் சப்பாத்துகளும்தான். சப்பாத்துகளே கோபமாக இருந்தன.

"சுசிலா, உவரைக் குந்தச் சொல்லு."

"எனக்குக் காது கேக்குது, மச்சான்."

"வாயும் குறைவில்லாமல் வேலை செய்யுது எண்டு சொல்லு. எண்ணெய் இருக்கே?"

இல்லை. சுசிலா மூலைக் கடைக்குத் தேங்காயெண்ணெய் வாங்கப் போனாள். இனி இடையில் நின்று சொல்ல ஆளில்லை. பிரதாபன் ஒரு சூட்கேஸின் மேல் குந்தினான். கிருஷ்ணராசாவின் விரல்கள் கழுத்துக்குள் நுழைந்து காதைத் தேடின. அன்பாகத் தேடவில்லை.

"ஆஅ!"

"ஆடாதையும். கோயில் சாமானை எடுத்து வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குக் கூத்துக் காட்டுறீர். செத்த வீட்டுத் துடக்குக் கழிஞ்சு எவ்வளவு நாள்? வெக்கமில்லையே உமக்கு?"

"சுசிலா ஒருக்காச் சிரிக்கட்டும் எண்டுதான்…"

"ஆர் கேட்டது? அவள் கேட்டவளே? சிரிக்க வைக்கிறாராம். பெரிய வைத்தியர்." விரல்கள் இழுத்தன. காது தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. "நான் அவளைக் கூட்டிக்கொண்டு போறன். உம்மட வீட்டில அவளுக்கு நித்திரையும் இல்லை. எங்களோட இருக்கட்டும்."

சூரன் தலைக்குள் பிரதாபனுடைய மூச்சு அவனுக்கே பெரிதாகக் கேட்டது. பழைய பெயின்ற் மணமும் கற்பூர மணமும். ஏதாவது ஒரு பகிடி வாய் வரைக்கும் வந்தது. பல்லிடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"அவள் வாறன் எண்டவளோ?"

"அவள் உம்மட முகத்துக்கு நேர சொல்ல மாட்டாள்."

"சரி. கூட்டிக்கொண்டு போங்கோ. அவள் விரும்பினா நான் மறிக்க மாட்டன். ஆனா ஏன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ, மச்சான். நான் என்ன செய்தனான்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு ஆரும் அஞ்சு மாசம் கோவிப்பினமே?"

"ஒண்டுமில்லை எண்டுறன். தலையை நேர பிடியும்."

அப்போது மீன்கடைக்காரன் ஷட்டருக்குக் கீழே குனிந்து, இரும்பு வெட்டுகிற வாளோடு உள்ளே வந்தான். பூசணிக்காய் ஐஸைக் கெடுத்த கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. கழுத்துக்கு மேலே ஒரு வெட்டு, அரை நிமிட வேலை, இரண்டு தலையும் தனித்தனியாக வந்துவிடும் என்றான்.

கிருஷ்ணராசா நிமிர்ந்து நின்றார். கோயிற் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி நிதானமாக, ஆங்கிலத்தில் சொன்னார்: "முடியாது. இந்த வருடம் சூரனின் தலையை வெட்டுவதில்லை என்று எங்கள் கமிட்டி தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது."

மீன்கடைக்காரன் அவரைப் பார்த்தான். சூரனைப் பார்த்தான். வாளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பிரதாபன் பல்லைக் கடித்தான். மூச்சைப் பிடித்தான். பலனில்லை. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, ஃபைபருக்குள் இடமில்லாமல் முட்டி மோதி, அசுரனுடைய வாயால் பெரும் உறுமலாக வெளியே வந்தது. அவனுக்கே பயமாக இருந்தது. இதோடு எல்லாம் முடிந்தது, இனி அடிதான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான்.

அடி விழவில்லை. அவனுடைய கழுத்தில் இருந்த கை நடுங்கியது. விட்டு விட்டு நடுங்கியது. சூரன் தலை முழுவதும் அதனோடு சேர்ந்து ஆடியது.

"மச்சான்? சிரிக்கிறியளோ?"

கை நின்றது. மண்ணிறச் சப்பாத்துகள் ஓர் அடி பின்னால் போயின. ஷட்டருக்கு வெளியே பிள்ளைகள் அழுகையை மறந்து மறுபடி கூச்சலிட்டு விளையாடத் தொடங்கிவிட்டார்கள். கிருஷ்ணராசா பக்கத்துச் சூட்கேஸில் தொப்பென்று இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் கதைத்தார். சுசிலா ஊடாக அல்ல, நேராக, சூரனின் முகத்தைப் பார்த்து.

"மே மாசம், சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் பார்லிமென்ருக்கு முன்னால சனத்தோட குந்தியிருந்த நேரம், ஒரு நாள் நல்ல மழை. தறப்பாளுக்குக் கீழ நெருக்கிக்கொண்டு இருந்தனாங்கள். நீர் பொலிஸ்காரன்ர தொப்பியைக் காட்டி, அதைக் கவிட்டுப் பிடிச்சா நீத்துப்பெட்டி, எல்லாருக்கும் புட்டவிக்கலாம் எண்டீர். எல்லாரும் சிரிச்சவை. நான்தான் கூடச் சிரிச்சனான். கண்ணால தண்ணி வருமட்டும் சிரிச்சனான்."

"ஓம், ஞாபகம்…"

"பேசாமல் இரும். நித்தியோட பங்கருக்குள்ள இருந்த பெடியன் பிறகு அகதிக் காம்பில இருந்து எனக்கு ஃபோன் எடுத்தவன். எந்த நாள், என்ன நேரம் எண்டு சொன்னவன். அந்த நாள்தான். அந்த நேரந்தான். தம்பி அங்க சாகேக்க நான் இஞ்ச புட்டுக்குச் சிரிச்சுக்கொண்டிருந்தனான், பிரதாபன்."

சூரனின் பல்லிடுக்கில் சப்பாத்து நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

"நீர் ஒரு பிழையும் செய்யேல்லை. உம்மைக் கண்டா எனக்கு இப்பவும் சிரிப்பு வருது. அதுதான் உம்மோட கதைக்கிறேல்லை."