கடைசிப் பதினோரு மரம்

எஸ்ரன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போகப்போக அவனைப் பிடித்துக் கன்னத்தில் நாலு வைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பதினாறு வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் அவன். முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்துவிட்டு வருவான். மூன்று மாதத்தில் அதே கட்டையில் இளங்கொழுந்து தலைகாட்டும். அந்த வேலையில் அவனை மிஞ்ச அந்த மலையிலேயே ஆள் கிடையாது. அதை அவனே சொல்லுவான், கேட்காமலே சொல்லுவான்.

இப்போது கண்டி டவுனில் ஒரு கட்டடத்துக்குக் காவல் வேலை. மஹய்யாவவில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறான். பெண்சாதி தினுஷா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவளாக ஆசைப்பட்டுப் போகவில்லை, இவன்தான் அனுப்பிவைத்தான். "ரெண்டு வருசம்தானே புள்ள, கண்ண மூடி முழிக்கிறதுக்குள்ள ஓடிரும்" என்றான். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைக் கட்டினாள். அந்த இரண்டு வருஷம் வருகிற ஜனவரியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா இல்லையா என்று அந்த வீட்டு மேடம் கேட்கத் தொடங்கிவிட்டாள். எஸ்ரனுக்கோ தினுஷா வந்துவிட வேண்டும். அந்த நினைப்பில் சோறு இறங்கவில்லை என்றால் சிரிப்பீர்கள், ஆனால் மெய்யாகவே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பேசி முடிவு எடுக்கலாமே என்றால், எங்கே பேச? அந்த வீட்டில் அவள் ஃபோனில் பேசுவது மேடத்துக்குப் பிடிக்காது. அவள் ஃபோனின் கமராவின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம், அதுவும் மேடம் பக்கத்தில் நிற்க. சாப்பிட்டீங்களா, அங்க மழையா, சரி வைக்கிறேன். புருஷனும் பெண்சாதியும் பேசுகிற பேச்சா அது, தூ! வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் அவளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓய்வு. சத்தம் போடாமல் ஃபோனை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை, ஒன்பது வயதுப் பெண், தனக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்று தினுஷாவின் ஃபோனில் ஒரு விளையாட்டைப் போட்டுக்கொடுத்திருந்தது. அதில் ஒரு உலகத்தை உண்டாக்கலாம். மரம் வெட்டலாம், கல் தோண்டலாம், வீடு கட்டலாம். இரண்டு நாட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே இடத்தில் வந்து நிற்கலாம். எழுதினால் தலைக்கு மேலே வார்த்தை தெரியும். ஒன்றரை வருஷமாக எஸ்ரனும் தினுஷாவும் குடும்பம் நடத்தியது அதற்குள்தான்.

உலகத்தை உண்டாக்கியவன் எஸ்ரன். சிறியதா, நடுத்தரமா, பெரியதா என்று அது கேட்டது. அவனுடைய பழைய ஃபோன் பெரியதைத் தாங்காது. "ரெண்டே பேர், இது போதும்" என்று சிறியதை அமுக்கினான். கீழே நாலு வரி ஆங்கிலத்தில் இருந்தது. அதை யார் வாசிப்பது? கிடைத்தது ஒரு தீவு. ஓடத்தில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனால் ஓடம் நகராமல் நின்றுவிடும், அதற்கு அப்பால் அந்த உலகத்தில் ஒன்றுமே இல்லை. இரும்பு எடுத்தால் எடுத்ததுதான், மறுபடி ஊறாது. மரமும் தானாக முளைக்காது. முற்றிய மரத்திலிருந்து எப்போதாவது ஒரு விதை விழும். அதைப் பொறுக்கி நட்டால்தான் உண்டு. இரவானால் குளிர் வரும். அடுப்பில் விறகு எரியாவிட்டால் ஆள் செத்து, வெறுங்கையோடு கடற்கரையில் எழும்ப வேண்டும்.

தினுஷா வெள்ளிக்கிழமை வருவாள், விதை பொறுக்குவாள், நடுவாள், போவாள். எஸ்ரன் மற்ற ஆறு நாளும் தனியாக அதற்குள்ளேயே கிடந்தான். சும்மா கிடந்திருந்தாலாவது பரவாயில்லை. தீவைச் சுற்றி வேலி அடித்தான். யாருக்குப் பயந்து வேலி? அங்கே இருப்பதே இரண்டு பேர்! கடலுக்குள் ஒரு பாலம் போட்டான். அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. மாடே இல்லாத தீவில் மாட்டுப்பட்டி கட்டினான். இருந்த இரும்பையெல்லாம் தோண்டி ஐந்து வாள் அடித்துச் சுவரில் மாட்டினான். வீட்டை மட்டும் கூரை இல்லாமல் பாதியில் விட்டுவைத்தான். ஒரு வெள்ளிக்கிழமை தினுஷா தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள்.

"பதினோரு மரந்தாங்க மிச்சம். இதுல கைய வச்சிராதீங்க. வெட்டாம விட்டாத்தான் விதை விழும்."

"சரி சரி."

அன்றைக்குத்தான் அவன் ஜனவரிப் பேச்சை எடுத்தான். கையெழுத்துப் போடாதே, வந்துவிடு என்று எழுதினான்.

"வந்து? அந்த ஒத்த ரூம்லயா இருக்கிறது?"

"எல்லாம் பாத்துக்கலாம் புள்ள. நான் இருக்கேன்ல."

"நீங்க ஒரு வேலைய ஆரம்பிச்சு முடிச்சு நான் பாத்ததே இல்லைங்க. மொதல்ல இந்த வீட்டுக் கூரைய முடிச்சுக் காட்டுங்க. முடிச்சிட்டா நான் கையெழுத்துப் போடல, வந்துர்றேன்."

விளையாட்டுக்குச் சொன்னாளோ, வாய் தவறிச் சொன்னாளோ, எஸ்ரன் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்ளட்டும், நல்லதுதான். கூரைக்குப் பலகை எங்கே? வேலியைப் பிரித்திருக்கலாம். பாலத்தைப் பிரித்திருக்கலாம். மாட்டுப்பட்டியைப் பிரித்திருந்தால் கூரை போக மிச்சமும் இருந்திருக்கும். அவள் மனதில் வைத்துச் சொன்னதும் அதுதான். ஆனால் தான் கட்டியதைத் தன் கையாலேயே பிரிக்க இந்த மகராசனுக்கு மனம் வரவில்லை. நாலு நாள் யோசித்தான். புதன்கிழமை டியூட்டி முடிந்து வந்து, கட்டிலில் சாய்ந்தபோது யோசனை வந்துவிட்டது. மரத்தை வெட்டாதே என்றுதானே சொன்னாள்? நான் ஏன் வெட்டுகிறேன், கவ்வாத்துப் பண்ணுகிறேன். கிளை எனக்கு, கட்டை மரத்துக்கு. தானாகத் துளிர்விடும்.

பதினாறு வருஷத்து வேலைக்காரன் அல்லவா, பார்த்துப் பார்த்துச் செய்தான். ஒவ்வொரு மரத்திலும் ஏறி, உச்சியையும் கிளையையும் கழித்து, பதினொன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தான். கழித்த கிளை ஒவ்வொன்றும் இரண்டு பலகையாகக் கையில் சேர்ந்தது. வியாழக்கிழமை பின்னேரம் கூரை முடிந்தது. இரண்டு பக்கமும் சரிந்த நல்ல கூரை. தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை முடித்திருக்கிறான். ஜனவரியில் விமான நிலையத்துக்கு எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்பது வரைக்கும் அவன் மனம் ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் காவல் கூண்டுக்குள் கதிரையில் உட்கார்ந்து, துளிர் வந்திருக்கிறதா என்று ஃபோனைத் திறந்து பார்த்தான். பதினோரு கட்டையும் சாம்பல் நிறத்தில் நின்றது. கவ்வாத்து மலையும் முதலில் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்ததும் மார்க்கட்டுக்குப் பின்னால் ஃபோன் திருத்துகிற நபீலின் கடைக்கு ஓடினான். நபீலுக்கு இந்த விளையாட்டு தலைகீழ்ப் பாடம்.

நபீல் ஃபோனை வாங்கிப் பார்த்தான். தீவை ஒரு தடவை சுற்றினான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"என்ன மச்சான் செஞ்சீக்கிறீங்க?"

"கவ்வாத்து."

"உச்சி போனா இதுல மரம் செத்துப் போகும் மச்சான். இது தேயில இல்ல, துளிர்க்கிறதுக்கு."

"விதை?"

"விதை விழுறதும் உச்சியிலதான். கையில ஒண்டாவது எடுத்து வெச்சீக்கிறீங்களா?"

எஸ்ரன் தலையாட்டினான். இல்லை. விதை பொறுக்குகிற வேலையெல்லாம் அவளுடையது; விழுந்ததை எல்லாம் அவள் உடனுக்குடன் நட்டுவிட்டாள். நட்டு வளர்ந்ததுதான் இந்தப் பதினொன்று.

"நேத்து இருந்த மாதிரி ஆக்கித் தர ஏலாதா நபீல்?"

"ஏலாது. பழசுக்கு மேலேயே எழுதிட்டுப் போகும் இது. புது உலகம் ஒண்டு போடுங்க மச்சான், இது முடிஞ்சி போச்சி."

நாலரை மணிக்கு தினுஷா வந்தாள். அந்த விளையாட்டில் கட்டிலில் படுத்துவிட்டுப் போனவர்கள் கட்டிலிலேயே எழும்புவார்கள். ஆகவே அவள் முதலில் கண்டது கூரையை. அந்த உலகத்தில் சந்தோஷத்தைக் காட்ட வேறு வழி கிடையாது, எழும்பிக் குதிக்கத்தான் முடியும். அவள் குதித்தாள். நின்று பார்த்துவிட்டு மறுபடி குதித்தாள்.

"அட! முடிச்சிட்டீங்க! நெசமாவே முடிச்சிட்டீங்க!"

"அப்ப கையெழுத்து?"

"இருங்க, வெளிய நின்னு ஒருக்கா பாத்துட்டு வர்றேன்."

போகாதே என்று எழுதுவதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

வெளியே போனவள் கூரையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. முதல் கட்டையின் முன்னால் போய் நின்றாள். பிறகு அடுத்தது. பதினொன்றின் முன்னாலும் நின்றுவிட்டு வந்தாள். எஸ்ரன் பின்னாலேயே நடந்து நடந்து எழுதினான். நம்ம மலையில வெட்டினா துளிர் வருமே, நான் வெட்டல, கவ்வாத்துத்தான் பண்ணேன், உனக்காகத்தானே செஞ்சேன்.

"குவைத்துக்குப் போன்னு என்னைச் சொன்னப்பவும் இப்படித்தான் சொன்னீங்க" என்று கடைசியில் அவள் எழுதினாள். "ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியா வந்துரும்னு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுத்தான் நானும் போனேன்."

"பெருசா ஒரு உலகம் போடுவோம் புள்ள. நபீல்கிட்டச் சொல்லி வேற ஃபோன் எடுக்கிறேன்."

"எனக்குக் கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம்ங்க. ஒன்றரை வருசமா நட்டது. மறுபடி மொதல்ல இருந்தா?"

அவள் வேலிப் பக்கம் போய்ப் பலகையைக் கழற்றத் தொடங்கினாள். இதை எரித்தால் கொஞ்ச நாளைக்கு அடுப்பு எரியும் என்றாள். அவனும் சேர்ந்து கழற்றினான். வேலி பாதி பிரிந்திருந்தபோது அவளுடைய நேரம் முடிந்தது.

"கையெழுத்து என்னா செய்யப்போற?"

"மேடம் நாளைக்குக் கேப்பாங்க" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனாள்.

அந்த ஒரு கிழமையை எஸ்ரன் எப்படிக் கடத்தினான் என்று கேட்காதீர்கள். தீவுக்குள்ளேயே போகவில்லை, பயம். வாயில்லாத கட்டைகளுக்குப் பயந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அவன்தான் முதலில் வந்து காத்திருந்தான். தினுஷா பிந்தித்தான் வந்தாள்.

"போட்டுட்டேன்" என்றாள்.

அவனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கூரைய முடிச்சேன்ல? முடிச்சா வந்துர்றேன்னு சொன்னியே! சொன்ன சொல்லு என்னாச்சு?"

"முடிச்சீங்க. இல்லைங்கல. எதைத் தின்னு முடிச்சீங்கன்னு பாருங்க." அடுத்த வரியும் வந்தது. "நான் வந்தா நம்ம ரெண்டு பேருக்கும்னு இருக்கிறது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்ங்க. கொஞ்சந்தான். அதை நீங்க எப்படி வச்சிருப்பீங்கன்னும் இப்பத் தெரிஞ்சிருச்சு."

எஸ்ரன் அழுதான். மஹய்யாவ அறையில், பட்டப்பகலில், வாய்விட்டு அழுதான். அந்த உலகத்தில் அவனுடைய ஆள் அடுப்புக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த விறகும் தீர்ந்தால் இனி எங்கே சந்திப்பது என்று கேட்டான்.

"இந்த வீட்டுப் பாப்பாவோட உலகத்துல எனக்கு ஒரு மூலை இருக்கு" என்றாள். "அது பெருசு. நடந்தா முடியாது. ஆறு நாளும் ராவுல பக்கத்துல உக்காந்து பாப்பாவுக்குக் கல்லு தோண்டிக் குடுக்கிறது நாந்தான், அதுவும் வேலைதான். அதுக்காக ஒரு மூலையில வீடு கட்டிக்கன்னு சொல்லிச்சு. கட்டிட்டேன்."

அவளுக்கு இன்னொரு வீடு இருப்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கோபப்படக்கூட அவனிடம் தெம்பில்லை. "என்னையும் சேத்துக்கச் சொல்லு புள்ள. நானும் கல்லு தோண்டுறேன். அந்தப் புள்ள என்னா சொல்லுதோ அதைச் செய்றேன்."

"கேட்டுப் பாக்கிறேன்."

பதினாறு வருஷம் கங்காணிக்கும் துரைக்கும் பதில் சொன்னவன், இப்போது ஒன்பது வயதுப் பிள்ளையின் பதிலுக்காக ஏழு நாள் காத்திருந்தான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் காத்திருந்தான். மூன்றாம் வெள்ளிக்கிழமை தினுஷா சரியான நேரத்துக்கு வந்தாள். கட்டிலை விட்டு நகரவில்லை.

"கேட்டேன்."

"என்னா சொல்லிச்சு?"

"யாரு, எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டுச்சு. நம்ம தீவைத் திறந்து காட்டினேன். பாலம், பட்டி, மரம், எல்லாத்தையும் சுத்திப் பாத்துச்சு."

"அப்புறம்?"

"வேணாமாம். அந்த ஆளு வந்தா அங்கயும் மரம் மிஞ்சாதாம்."

எஸ்ரன் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும் என்று எழுதத் தொடங்கி அழித்தான்.

"அதுக்கு நீ என்னா சொன்ன?"

"சரின்னுட்டேங்க."